காய்ந்த சாடியை எறியாதீர்கள்: கார்த்திகைப்பூவைச் சாடியில் வளர்ப்பது எப்படி?

மாரி முடிந்து தை, மாசி வெயில் ஏறத் தொடங்கியதும் கார்த்திகைப்பூக் கொடி மஞ்சளாகும். இலை சுருங்கும், தண்டு வைக்கோல் போலக் காயும், சில நாட்களில் அடியோடு ஒடிந்து விழும். ஆசையோடு சாடியில் வளர்த்தவர்கள் பலர் இந்தக் கட்டத்தில் செடி பட்டுப்போய்விட்டது என்று முடிவு கட்டுகிறார்கள். சாடி கவிழ்க்கப்படுகிறது. மண் வேறொரு கன்றுக்குப் போகிறது. உள்ளே இருந்த கிழங்கு குப்பையோடு போகிறது.

உண்மையில் அந்தச் செடி சாகவில்லை. கார்த்திகைப்பூ பல ஆண்டுகள் வாழும் செடி. மண்ணுக்கு மேலே இருப்பது ஒரு மாரிக்கு மட்டும் வந்து போகும் உடல். மண்ணுக்குக் கீழே இருக்கும் கிழங்குதான் நிலையானது. அது கோடை முழுவதும் உறங்கி, அடுத்த மாரியின் முதல் மழையோடு மறுபடி முளைக்கும். இந்த ஒரு விடயம் தெரிந்திருந்தால், ஒரு சாடியில் வைத்த ஒரு கிழங்கு ஆண்டுதோறும் பூக்கும். அதோடு ஆண்டுக்கு ஆண்டு பெருகவும் செய்யும்.

திருகோணமலை நகரிலும் அதன் துறைமுகத்தைச் சூழ்ந்த ஊர்களிலும் இதனைச் சாடியில் வளர்க்க விரும்புவோருக்காக எழுதப்படுவது இது. செடி எப்படி வாழ்கிறது, எப்போது நீர் கேட்கிறது, எப்போது கேட்பதில்லை, வீட்டில் வைப்பதற்கு முன் எந்த ஆபத்தை யோசிக்க வேண்டும் என்பவற்றை வரிசையாகப் பார்ப்போம்.

ஏன் சாடி?

கார்த்திகைப்பூ வடக்கு கிழக்கின் பற்றைக் காடுகளிலும் வேலிக்கரைகளிலும் மணற்பாங்கான நிலங்களிலும் யாரும் நடாமல் முளைப்பது. வளவு உள்ளவர்களுக்கு வேலியோரம் போதும். ஆனால் திருகோணமலையில் வளவு என்பது எல்லோருக்கும் வாய்த்த ஒன்றல்ல.

இயற்கைத் துறைமுகம் என்பதாலேயே இந்நகரின் நிலத்தில் பெரும் பங்கு நெடுங்காலமாகப் படைத்தளங்களுக்கும் துறைமுகத்துக்கும் எண்ணெய்க் குதங்களுக்கும் உரியதாக இருந்து வருகிறது. பிரித்தானியர் காலத்தில் தொடங்கிய இந்த நிலை இன்றும் மாறவில்லை. எஞ்சிய இடத்தில் வீடுகள் நெருங்கி நிற்கின்றன. வாடகை வீட்டில் இருப்பவர் மண்ணைக் கிளறி எதையும் நட முடியாது. நட்டாலும் வீடு மாறும்போது அதை விட்டுவிட்டே போக வேண்டும்.

இதற்கு மேல் இடப்பெயர்வின் அனுபவமும் இருக்கிறது. துறைமுகத்தின் எதிர்க்கரையில் உள்ள சம்பூர் மக்கள் 2006 ஏப்ரலில் ஊரை விட்டு வெளியேறினார்கள். 2007 இல் அப்பகுதி உயர்பாதுகாப்பு வலயமாக வர்த்தமானியில் அறிவிக்கப்பட்டது. கிளிவெட்டி, பட்டித்திடல், மணற்சேனை, கட்டைபறிச்சான் முகாம்களில் அவர்களின் ஆண்டுகள் கழிந்தன. முதலீட்டுக்கென ஒதுக்கப்பட்டிருந்த 818 ஏக்கர் நிலம் தொடர்பான அறிவிப்பு 2015 மே மாதத்தில்தான் இரத்துச் செய்யப்பட்டது. கடற்படை முகாம் இருந்த 237 ஏக்கர் 2016 மார்ச்சில் விடுவிக்கப்பட்டது. ஏறத்தாழ பத்து ஆண்டுகள் தறப்பாளுக்கும் தகரத்துக்கும் கீழே வாழ்ந்த குடும்பங்களுக்கு, நிலத்தில் வேரூன்றும் எதையும் நடுவது எவ்வளவு நிச்சயமற்றது என்பதை யாரும் விளக்க வேண்டியதில்லை.

சாடியில் இருக்கும் செடி, தூக்கிக்கொண்டு போகக்கூடிய செடி. கார்த்திகைப்பூவில் இது இன்னும் எளிது. கோடையில் கொடி காய்ந்த பிறகு கொண்டு செல்ல வேண்டியது விரல் தடிப்புள்ள ஒரு கிழங்கு மட்டுமே. ஒரு பழைய ரின்னுக்குள் உலர்ந்த மணலில் வைத்து மாதக்கணக்கில் காக்கலாம்.

முதலில் தெரிய வேண்டியது: இது நஞ்சு

வளர்ப்பு முறைக்குப் போவதற்கு முன் இதைச் சொல்லியாக வேண்டும். கார்த்திகைப்பூச் செடியின் எல்லாப் பகுதிகளும் நஞ்சு. கிழங்கிலும் விதையிலும் அது அதிகம். கொல்சிசின் என்ற வேதிப்பொருளே இதற்குக் காரணம். உடலில் புதிய கலங்கள் பிரிந்து உருவாவதை அது தடுக்கிறது. அதனால் குடல், எலும்பு மச்சை போன்று கலங்கள் வேகமாகப் புதுப்பிக்கப்படும் இடங்களே முதலில் பாதிக்கப்படுகின்றன.

கிழங்கின் தோற்றம் ஏமாற்றும். தோலின் நிறத்திலும் தடிப்பிலும் அது வத்தாளங்கிழங்கையோ காட்டு வள்ளியையோ நினைவூட்டும். உண்ணும் கிழங்கு என்று எண்ணி அவித்துச் சாப்பிட்டு நஞ்சேறியவர்கள் பற்றி இலங்கை வைத்தியர்கள் பல தடவை எழுதியிருக்கிறார்கள். அவிப்பதால் இந்த நஞ்சு போவதில்லை.

இன்னொரு ஆபத்து, அறிகுறிகள் உடனே தெரியாமை. சில மணி நேரம் கழித்தே வாந்தியும் வயிற்றோட்டமும் தொடங்கும். அது ஓய்ந்ததும் நோயாளி தேறிவிட்டது போலத் தோன்றலாம். ஆனால் உள்ளுறுப்புகளின் பாதிப்பு அடுத்தடுத்த நாட்களில்தான் வெளிப்படும். ஆகவே யாரேனும் இச்செடியின் எந்தப் பகுதியையாவது விழுங்கியதாகச் சந்தேகம் வந்தாலே, அறிகுறிக்காகக் காத்திராமல் வைத்தியசாலைக்குக் கொண்டு செல்ல வேண்டும். 1990 என்ற இலக்கத்தை அழைத்தால் சுவசெரிய இலவச அம்புலன்ஸ் வரும். செடியின் ஒரு துண்டையோ அதன் படத்தையோ கூடவே கொண்டு போனால் வைத்தியர்களுக்கு உதவியாக இருக்கும். வீட்டில் கைமருந்து செய்து நேரத்தைப் போக்கக்கூடாது.

எனவே சில ஒழுங்குகள் அவசியம்:

சாடி குழந்தைகளின் கைக்கும், ஆடு மாடுகளின் வாய்க்கும் எட்டாத இடத்தில் இருக்க வேண்டும். கால்நடைகளுக்கும் இது நஞ்சுதான்.

கிழங்கை ஒருபோதும் குசினியிலோ, மற்றக் கிழங்குகளும் வெங்காயமும் வைக்கும் கூடையிலோ வைக்கக்கூடாது. வைக்கும் ரின்னில் "நஞ்சு, உண்ணக்கூடாது" என்று எழுதி ஒட்ட வேண்டும். வீட்டில் உள்ள எல்லோரும் வாசிக்கும் மொழியில் எழுதுவது நல்லது.

மரக்கறியோ கீரையோ வளரும் சாடியில் இதனைச் சேர்த்து நடக்கூடாது. பழைய மண்ணையும் மரக்கறிச் சாடிக்கு மாற்றக்கூடாது. மண்ணுக்குள் சிறு கிழங்குத் துண்டு தங்கியிருக்கக்கூடும்.

கிழங்கைத் தொடும்போது கையுறையோ, இல்லாவிட்டால் ஒரு பிளாஸ்ரிக் பையோ அணிந்து, வேலை முடிந்ததும் சவர்க்காரம் போட்டுக் கை கழுவ வேண்டும்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். போரிலும் அதன் பிறகும் பட்ட இழப்புகளின் பாரத்தோடு வாழ்பவர்கள் நம் வீடுகளில் அதிகம். வீட்டில் ஒருவர் கடும் மனச்சோர்வில் இருக்கிறார், வாழ்வில் பிடிப்பற்றுப் பேசுகிறார் என்றால், இந்தச் செடி இப்போதைக்கு அந்த வீட்டுக்கு வேண்டாம். செவ்வரத்தையோ மல்லிகையோ நீலச் சங்குப்பூவோ வையுங்கள். அவையும் ஆண்டுக்கணக்கில் சாடியில் வாழ்ந்து பூப்பவை. பேசுவதற்கு ஒருவர் தேவைப்பட்டால், 1926 என்ற தேசிய மனநல உதவி இலக்கத்தை எந்த நேரமும் அழைக்கலாம்.

கிழங்கின் வாழ்க்கை

கார்த்திகைப்பூவின் கிழங்கு ஆங்கில எழுத்து 'வி' போலவோ 'எல்' போலவோ வளைந்து இரண்டு கைகளாக இருக்கும். கலப்பை போன்ற இந்த வடிவத்தால்தான் கலப்பைக் கிழங்கு என்ற பெயர் வந்தது. தமிழ்நாட்டில் கண்வலிக் கிழங்கு என்பார்கள். சிங்களத்தில் நியங்கலா. காந்தள், செங்காந்தள் என்பன இதன் பழந்தமிழ்ப் பெயர்கள். கபிலரின் குறிஞ்சிப்பாட்டு அடுக்கிச் செல்லும் 99 பூக்களில் முதலாவது இதுவே. தாவரவியலில் இதற்கு உள்ள குளோரியோசா சுப்பர்பா என்ற பெயரை 1753 இல் இட்டவர் சுவீடன் நாட்டு அறிஞர் லின்னேயஸ்.

கிழங்கின் ஒவ்வொரு கையின் நுனியிலும் ஒரே ஒரு முளைதான் உண்டு. உருளைக்கிழங்கில் இருப்பது போல உடல் முழுதும் கண்கள் இல்லை. நுனி ஒடிந்தால் அந்தக் கை அநேகமாக முளைக்காது. ஆகவே கிழங்கை எடுக்கும்போதும் நடும்போதும் முட்டையைக் கையாள்வது போலக் கையாள வேண்டும்.

மழைக்கு முளை விடும் கிழங்கு, தன்னிடம் சேர்ந்துள்ள மாச்சத்தைக் கொடுத்து கொடியை வளர்க்கிறது. கொடி வளர வளரப் பழைய கிழங்கு சுருங்கிப் போகிறது. இலைகள் வெயிலில் சமைக்கும் உணவு கீழே இறங்கி, பழையதன் இடத்தில் புதிய கிழங்கை உருவாக்குகிறது. பெரும்பாலும் இரண்டு கைகளோடு. கோடையில் நீங்கள் தோண்டிப் பார்ப்பது நீங்கள் நட்ட கிழங்கு அன்று, அதன் பிள்ளை.

இதிலிருந்து ஒரு நடைமுறைப் பாடம் கிடைக்கிறது. பூ உதிர்ந்ததும் கொடியை வெட்டிவிடக்கூடாது. பூவுக்குப் பிறகு இலைகள் பச்சையாக நிற்கும் அந்தச் சில கிழமைகளில்தான் அடுத்த ஆண்டின் கிழங்கு நிரம்புகிறது. அழகில்லை என்று அப்போது வெட்டினால், அடுத்த கார்த்திகையில் இலை மட்டுமே வரும்.

திருகோணமலையின் நாட்காட்டியும் செடியின் நாட்காட்டியும்

திருகோணமலைக்கு ஆண்டு மழையின் பெரும்பகுதி வடகீழ்ப் பருவக்காற்றோடு ஒக்டோபர் முதல் ஜனவரி வரை வருகிறது. மே முதல் ஓகஸ்ட் வரை கச்சான் காற்று வீசும் வறண்ட காலம். கரையோரக் கிணறுகள் பலவற்றில் நீர் மட்டம் இறங்கி உப்புத் தட்டுவதும் அப்போதுதான்.

பல பூங்கன்றுகளுக்கு இந்தக் காலம் சோதனை. கச்சானில் ஒரு நாள் நீர் தவறினாலும் வாடும். உப்பு நீர் ஊற்றினால் இலை விளிம்பு கருகும். கார்த்திகைப்பூவோ அந்த மாதங்களில் மண்ணுக்குள் உறங்குகிறது. நீர் மிகக் குறைவாகவும் உப்பாகவும் இருக்கும் நேரத்தில் அதற்கு நீரே வேண்டாம். மழை தாராளமாக இருக்கும் நேரத்தில் விழிக்கிறது. கிணறு இல்லாத, குழாய் நீரை அளந்து பாவிக்கும் வீட்டுக்கு இதைவிடப் பொருத்தமான பூவைத் தேடுவது கடினம்.

ஆண்டை இப்படிப் பிரித்துக்கொள்ளலாம்:

செப்டெம்பர் நடுப்பகுதி: புதுக் கிழங்கை நடுதல், அல்லது உறங்கும் சாடிக்கு முதல் நீர் ஊற்றுதல்.

ஒக்டோபர்: முளை வெளிவந்து கொடி ஏறும் காலம்.

நவம்பர், டிசெம்பர்: பூக்கும் காலம்.

ஜனவரி: காய் பிடித்து, இலை பச்சையாக நின்று, கிழங்கு நிரம்பும் காலம்.

பெப்ரவரி முதல் செப்டெம்பர் முற்பகுதி வரை: உறக்கம்.

நட்டதிலிருந்து முதற் பூவுக்கு ஏறத்தாழ எட்டு முதல் பத்துக் கிழமைகள் ஆகும். கார்த்திகை மாதத்துக்குள் பூ வேண்டுமென்றால் செப்டெம்பர் நடுப்பகுதியைத் தவறவிடக்கூடாது. இடம் மாறிய கிழங்கு முதல் ஆண்டில் பிந்திப் பூப்பதும், பூக்காமலே இருப்பதும் வழமை. அடுத்த ஆண்டு சரியாகிவிடும்.

கிழங்கை எங்கே பெறுவது?

காட்டில் போய்த் தோண்டி எடுப்பது நல்லதல்ல. ஒரு கிழங்கைத் தோண்டினால் அந்த இடத்தில் அந்தக் கொடி முடிந்தது. எல்லோரும் தோண்டினால் வேலிக்கரையில் தானாகப் பூப்பதும் இல்லாமல் போகும். போர் நடந்த பகுதிகளில் இன்னொரு காரணமும் உண்டு. பற்றை பிடித்துக் கிடக்கும் காணியில், கண்ணிவெடி எச்சரிக்கைப் பலகை இருந்தாலும் இல்லாவிட்டாலும், மண்ணைக் கிண்டுவது ஆபத்தான வேலை.

வளர்ப்பவரிடம் கேட்டு வாங்குவதே சிறந்த வழி. ஆண்டுதோறும் கிழங்கு இரட்டிப்பதால் கொடுப்பவருக்கும் நட்டமில்லை. பூங்கன்று விற்பவர்களிடமும் விசாரிக்கலாம். பெரு விரல் தடிப்பும் இரண்டு முளை நுனியும் உள்ள கிழங்காகப் பார்த்து எடுக்க வேண்டும். தமிழ்நாட்டில் இதனைப் பயிராகச் செய்பவர்கள் 50 முதல் 60 கிராம் எடையுள்ள கிழங்குகளைத் தெரிந்து நடுகிறார்கள். அதைவிடச் சிறியது முளைக்கும், ஆனால் அந்த ஆண்டே பூக்கும் என்று எதிர்பார்க்க முடியாது. விதையிலிருந்தும் வளர்க்கலாம். பூவைக் காணச் சில ஆண்டுகள் பொறுத்திருக்க வேண்டும்.

சாடியும் மண்ணும்

விலை கொடுத்துச் சாடி வாங்க வேண்டிய அவசியமில்லை. 20 லீற்றர் பெயின்ற் வாளி தாராளம். உரப்பையை இரண்டாக மடித்தும் பாவிக்கலாம், ஆனால் வெயிலில் ஓரிரு ஆண்டில் அது உக்கிவிடும். எதுவானாலும் ஆழமும் அகலமும் ஓர் அடிக்குக் குறையக்கூடாது.

அடியில் ஐந்தாறு துளைகள் கட்டாயம் வேண்டும். இந்தச் செடிக்கு நீர் பிடிக்கும், தேங்கிய நீர் பிடிக்காது. நவம்பர் மழையில் துளை அடைத்த வாளிக்குள் கிழங்கு ஒரு கிழமையில் அழுகிவிடும். வாளியை நிலத்தில் நேரே வைக்காமல் இரண்டு செங்கற்களின் மேல் ஏற்றி வைத்தால் துளைகள் அடைபடா. துளைகளின் மேல் உடைந்த ஓட்டுத் துண்டுகளைப் போட்டுவிட்டு மண்ணை நிரப்பலாம்.

மண் கலவைக்கு, மேல்மண் ஒரு பங்கு, குறுமணல் ஒரு பங்கு, நன்கு உக்கிய மாட்டெருவோ இலைக்குப்பை எருவோ ஒரு பங்கு. கிடைத்தால் உமிக்கரி ஒரு பிடி. மணலைக் கடற்கரையிலிருந்து அள்ளக்கூடாது, உப்புக் கிழங்கைக் கெடுக்கும். பச்சை எருவும் கோழி எருவும் சூடு, அவற்றை நேரே போடக்கூடாது.

வாளியின் விளிம்பிலிருந்து நான்கு விரல் இடம் விட்டு மண்ணை நிரப்புங்கள். கிழங்கைப் படுக்கையாக வைத்து, முளை நுனி சற்று மேல்நோக்கி இருக்கும்படி செய்து, இரண்டு அங்குலம் அல்லது சற்றுக் கூடுதலாக மண்ணால் மூடுங்கள். ஒரு வாளிக்கு ஒரு கிழங்கு போதும். நட்ட அன்று ஒருமுறை நன்றாக நீர் விட்டு, பிறகு முளை தெரியும் வரை மேல்மண் காய்ந்தால் மட்டும் தெளித்தால் போதும். இரண்டு முதல் நான்கு கிழமைக்குள் முளை வரும். வரவில்லையே என்று கிண்டிப் பார்ப்பதுதான் இந்தக் கட்டத்தில் அதிகம் செய்யப்படும் தவறு. நுனி ஒடிவது அப்போதுதான்.

ஏறுவதற்கு மெல்லிய பிடி

கார்த்திகைப்பூக் கொடி தண்டால் சுற்றி ஏறுவதில்லை. இலையின் நுனியே சுருண்டு பற்றுக்கம்பியாகி, அருகில் இருப்பதைப் பிடிக்கிறது. அந்த நுனியால் மெல்லிய பொருளை மட்டுமே சுற்ற முடியும். தடித்த கம்பை நட்டுவிட்டு, கொடி ஏறவில்லை என்று கவலைப்படுபவர்கள் உண்டு. பென்சில் தடிப்பை மிஞ்சாத குச்சிகள், கயிறு, கோழிக்கூட்டு வலை, பழைய மீன்வலைத் துண்டு என்பன பொருத்தம். கரையோர ஊர்களில் பழைய வலைக்குப் பஞ்சமில்லை. முளை வருவதற்கு முன்பே ஐந்து, ஆறு அடி உயரத்துக்கு இதைக் கட்டிவிட வேண்டும். பிறகு கட்டினால் கொடி முறியும். வளர்நுனி முறிந்தால் அந்த ஆண்டுப் பூ போய்விடும்.

காலை வெயில் நன்றாகப் படும் இடம் வேண்டும். கிழக்குப் பார்த்த முற்றமோ மாடித் தாழ்வாரமோ நல்லது. கடற்காற்று நேரே அடிக்கும் இடத்தில் ஒரு மறைப்பு வேண்டும். வாடைக் காற்று பலக்கும் நாட்களில் வாளியைச் சுவரோடு ஒட்டி நகர்த்திவிடுங்கள். சாடியின் வசதியே அதுதான்.

மழை விட்ட நாட்களில் மேல்மண்ணில் விரலை ஓர் அங்குலம் விட்டுப் பாருங்கள். காய்ந்திருந்தால் மட்டும் நீர் ஊற்றுங்கள். கொடி ஓர் அடி வளர்ந்ததும், இரண்டு கிழமைக்கு ஒருமுறை ஒரு பிடி உக்கிய எரு போடலாம். மொட்டு வந்ததும் நிறுத்தலாம்.

இலையைத் தின்ன ஒரு புழு வரும். கறுப்பு உடலில் வெள்ளையும் சிவப்புமாகப் புள்ளிகள் கொண்டது. இந்தச் செடியைத் தேடியே வருகின்ற அந்துப்பூச்சியின் குடம்பி அது. இரண்டு நாளில் ஒரு கொடியை மொட்டையாக்கிவிடும். மருந்தடிக்க வேண்டியதில்லை. காலையில் இலைகளின் மேலும் கீழும் பார்த்து, கையுறையோடு பொறுக்கிச் சவர்க்கார நீரில் போட்டால் போதும்.

பூவும் அதற்குப் பின்னும்

மொட்டு பச்சையாகத் தலை கவிழ்ந்து தொங்கும். விரியும்போது ஆறு இதழ்களும் பின்புறமாக மடிந்து மேல்நோக்கி எழும். அடியில் மஞ்சளும் நுனியில் சிவப்புமாகத் தொடங்கி, நாட்கள் போகப் போகச் சிவப்பு முழுவதும் இறங்கும். ஒரே கொடியில் பச்சை மொட்டும் மஞ்சள் பூவும் செந்நிறப் பூவும் ஒன்றாக நிற்பது இதனால்தான்.

பூ வாடிய பிறகு வரும் காய்களைக் கிள்ளிவிடுவதே வீட்டுக்கு நல்லது. செடியின் சத்து விதைக்குப் போகாமல் கிழங்குக்குப் போகும். காய் முற்றி வெடித்தால் உள்ளே தெரியும் செந்நிற விதைகள் குழந்தைகளின் கண்ணை இழுக்கும், அந்த ஆபத்தும் இல்லாமல் போகும். கிள்ளியவற்றைப் புதைத்துவிடுங்கள். ஆடு மேயும் இடத்தில் வீசாதீர்கள்.

இலை தானாக மஞ்சளாகத் தொடங்கியதும் நீரைக் குறைத்து நிறுத்திவிடுங்கள். தண்டு முழுவதும் காய்ந்ததும் மெல்லப் பிரித்தெடுங்கள். வாளியில் செடியின் பெயரையும் திகதியையும் எழுதி, மழை நனைக்காத தாழ்வாரத்துக்குள் வைத்துவிடுங்கள். சித்திரை மாதத்து இடி மழை சாடியை நனைத்தால் கிழங்கு நேரம் தவறி விழித்துவிடும், அல்லது அழுகிவிடும். நிழலும் உலர்வும்தான் இந்த ஆறேழு மாதங்களுக்குத் தேவை.

இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை, செப்டெம்பர் தொடக்கத்தில், வாளியைச் சாக்கின் மேல் கவிழ்த்துக் கிழங்குகளைப் பிரிக்கலாம். இரண்டு கைகளும் சேரும் மூட்டில் உடைத்தால், ஒவ்வொரு கையும் தன் நுனி முளையோடு தனிச் செடியாகும். வெட்டுவாயில் சாம்பல் தொட்டு ஓரிரு நாள் நிழலில் உலர்த்திய பிறகு நடுங்கள்.

பயிராக, மருந்தாக, அடையாளமாக

இந்தப் பூவுக்கு உலகில் பல வேலைகள் உண்டு. தமிழ்நாட்டில் திருப்பூர், திண்டுக்கல், கரூர் மாவட்டங்களின் விவசாயிகள் விதைக்காக இதைப் பயிரிடுகிறார்கள். அதிலிருந்து பிரிக்கப்படும் கொல்சிசின், கவுட் எனப்படும் மூட்டு நோய்க்கான மருந்து. 2023 இல் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு நிறுவனம் குறைந்த அளவுக் கொல்சிசினை மாரடைப்பு அபாயத்தைக் குறைக்கும் மருந்தாகவும் அனுமதித்தது. மருந்துக்கும் நஞ்சுக்கும் இங்கே இடைவெளி மிகச் சிறியது. ஆலையில் அளந்து, வைத்தியர் பார்த்துக் கொடுப்பதுதான் மருந்து. சாடியில் இருக்கும் கிழங்கு எந்த நோய்க்கும் மருந்தல்ல.

இது தமிழ்நாட்டின் மாநிலப் பூ. சிம்பாப்வேயின் தேசியப் பூ. ஜப்பானின் கோச்சி மாகாணத்தில் இதனைக் கண்ணாடி வீடுகளுக்குள் வளர்த்து வெட்டுப்பூவாக விற்கிறார்கள். இலங்கையில் இதற்கு வேறொரு பொருளும் சேர்ந்திருக்கிறது. விடுதலைப் புலிகள் இதனைத் தமிழீழத்தின் தேசியப் பூவாக அறிவித்திருந்தார்கள். போரில் இறந்தவர்களை நினைவுகூரும் நவம்பர் மாதத்தோடு அது பிணைந்தும் போயிற்று. அதனாலேயே இப்பூவின் உருவம் பொலிஸாரின் கண்ணில் படுகிறது. 2024 மார்ச்சில் யாழ்ப்பாணத்துப் பாடசாலை ஒன்றின் இல்ல விளையாட்டுப் போட்டியில் கார்த்திகைப்பூ வடிவில் அலங்காரம் செய்யப்பட்டதற்காக விசாரணை நடந்தது.

இந்தப் பின்னணியில், வாசலில் வைப்பதா பின்முற்றத்தில் வைப்பதா என்பதை ஒவ்வொரு வீட்டாரும் தம் சூழலை யோசித்து முடிவு செய்வார்கள். ஒன்று மட்டும் நிச்சயம். எந்த அமைப்பும் எந்த அரசும் தோன்றுவதற்கு முன்பே இந்த மண்ணின் பற்றைகளில் பூத்துக்கொண்டிருந்த செடி இது. பிள்ளையின் நினைவாக ஒரு தாயும், ஊரின் நினைவாக ஒரு முதியவரும், நிறம் பிடித்ததால் ஒரு சிறுமியும் இதே பூவை வளர்க்கலாம். மூன்றும் நியாயமான காரணங்களே.

வெளிநாட்டில் இருப்பவர்களுக்கு

இலண்டனிலும் ரொறன்ரோவிலும் பரிசிலும் இது சாடியில் வளரும், ஆனால் நாட்காட்டி தலைகீழாகும். உறைபனி கிழங்கைக் கொன்றுவிடும். மார்ச், ஏப்ரலில் வீட்டுக்குள் சூடான இடத்தில் முளைக்க வைத்து, பனி முழுவதும் விட்ட பிறகு வெளியே எடுத்தால், ஜூலை முதல் செப்டெம்பர் வரை பூக்கும். இலையுதிர் காலத்தில் கொடி காய்ந்ததும் சாடியோடு உள்ளே எடுத்து, உறையாத உலர்ந்த அறையில் வைக்க வேண்டும். ஊரிலிருந்து கிழங்கைப் பயணப் பையில் கொண்டு போகாதீர்கள். தாவரத் தொற்றுக் காப்புச் சட்டங்களின்படி அது தடுக்கப்படலாம். அந்நாடுகளின் பூங்கன்றுக் கடைகளில் குளோரியோசா என்ற பெயரில் கேட்டால் கிடைக்கும். நஞ்சு பற்றிய எச்சரிக்கை அங்கும் அதேதான்.

ஆண்டின் பெரும்பகுதி ஒன்றும் தெரியாது

கார்த்திகைப்பூவை வளர்ப்பதில் கடினமான பகுதி பூக்க வைப்பது அல்ல, உறங்கவிடுவது. ஆறேழு மாதம் ஒன்றுமே தெரியாத ஒரு வாளியை எறியாமல், நீரும் ஊற்றாமல், கிண்டியும் பார்க்காமல் வைத்திருக்க வேண்டும். விருந்தினர் வந்து வெறும் மண்ணை ஏன் வைத்திருக்கிறீர்கள் என்று கேட்பார்கள். வாளியின் பக்கத்தில் எழுதிய பெயரைக் காட்டுங்கள். புரட்டாதியில் முதல் நீர் ஊற்றுங்கள். உள்ளே கிழங்கு நலமாக இருந்தால், ஐப்பசி மழைக்கு முன்பே பச்சை நுனி மண்ணைப் பிளந்து வெளியே வரும்.